ஆணை பிறந்தது, பழக்கம் எப்போது பிறக்கும்?

நாட்றாம்பாளையத்திலிருந்து தோழர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அஞ்செட்டிக்கு அப்பால், ஒகேனக்கல் போகும் சாலையில், காடும் குன்றும் சூழ்ந்து கிடக்கும் ஊர் நாட்றாம்பாளையம். பக்கத்தில் கன்னட நாட்டு எல்லை. விதைத்தால் மழையை நம்ப வேண்டும். மழையை நம்பாதவர்கள் ஓசூரையும் பெங்களூரையும் நம்பிப் புறப்பட வேண்டும். அப்படிப் புறப்பட்டு, ஓசூர்ப் பகுதித் தொழிற்சாலை ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்ந்தவர் அந்தத் தோழர்.

அவர் கேட்பது பிச்சையல்ல. பதிலித் தொழிலாளியாக உழைத்த நாள்களையும் பணிக்காலத்தில் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்பது அவருடைய கோரிக்கை. அப்படிக் கணக்கிடுவதற்குச் சங்கமும் நிர்வாகமும் முன்னொரு நாள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் விதி இருக்கிறது என்பது அவர் நினைவு. "நினைவு போதாது, தாளைக் கொண்டுவாருங்கள்" என்றது நிர்வாகம். சங்க அலுவலகத்தில் தாள் இல்லை, கரையான் தின்றுவிட்டது. ஆனால், கணிப்பொறியில் பத்திரமாகச் சேர்த்து வைத்திருக்கிறோம் என்று மகிழ்ச்சியோடு கோப்பைத் திறந்தார்கள் தோழர்கள்.

திறந்தால், தமிழைக் காணோம்! ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகப் பக்கம் பக்கமாகக் குப்பை! அதைத் தட்டெழுதித் தந்த டி.டி.பி. கடை மூடிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. என்ன எழுத்துருவில் அடித்தார் என்று சொல்லவும் ஆளில்லை. நிர்வாகத்தின் அலமாரியிலோ ஆங்கிலப் படி அழகாக இருக்கிறது. அதை அவர்கள் படித்துச் சொல்வதுதான் பொருள். நாம் கேட்டுக்கொள்வதுதான் கடமை என்ற நிலை!

நல்ல வேளையாக, ஓய்வுபெற்ற மூத்த தோழர் ஒருவரின் இரும்புப் பெட்டியில் பழைய தமிழ்ப் படி ஒன்று கிடைத்தது. படிப்பகத்துக்கு வரும் கல்லூரி மாணவி ஒருவர் ஒரே மாலையில் அதைப் புதிதாகத் தட்டெழுதிக் கொடுத்தார். இப்போது அந்த விதி எல்லாத் தோழர்களின் கைப்பேசியிலும் இருக்கிறது. "அந்தப் பெட்டி கிடைக்காதிருந்தால் என் கதி என்ன?" என்று கேட்கிறார் தோழர்.

கேள்வி நியாயமானது. அதற்கு விடை சொல்லவேண்டியது நிர்வாகமன்று. நாம்தான்! போராடி வாங்கிய உரிமையை எழுதி வைக்கத் தெரியாமல் எழுதி வைத்தோமே, அந்தக் குற்றம் நம்முடையது. அதைப் பற்றித்தான் இன்று மனம்விட்டுப் பேச விரும்புகிறோம்.

எழுத்து குப்பையான கதை

கணிப்பொறிக்கு 'அ'வும் தெரியாது, 'ஆ'வும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் எண். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் என்று கொடுத்து வைத்தால், அந்த எண்ணைச் சேமிக்கும். கேட்கும்போது எழுத்தாக வரைந்து காட்டும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதில் எல்லோரும் ஒத்துப்போனால் தொல்லையில்லை. ஒத்துப்போகாவிட்டால்?

பட்டறைத் தோழர்களுக்கு விளக்கவே வேண்டியதில்லை. எம்-10 போல்ட் ஒன்றை எடுங்கள். அதன் மரை, புரிக்குப் புரி ஒன்றரை மில்லிமீட்டர். அதன் பக்கத்தில் பழைய இங்கிலாந்து முறையில் செய்த மூன்று எட்டங்குல போல்ட்டை வையுங்கள்; அங்குலத்துக்குப் பதினாறு புரி. பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பிபோல் இருக்கும். ஒன்றின் நட்டை மற்றொன்றில் ஏற்றிப் பாருங்கள்; இரண்டு சுற்றில் இறுகிப்போகும். மேலும் முறுக்கினால் மரை போகும். இரண்டும் நல்ல இரும்புதான். இரண்டையும் செய்தவர்கள் நல்ல தொழிலாளர்கள்தாம். ஆனால் முறை ஒன்றல்ல. இப்படி எல்லோரும் ஒப்புக்கொண்டு நடக்கும் ஒரே முறையைத்தான் தரமுறை என்கிறோம்.

தமிழ் எழுத்தைக் கணிப்பொறியில் ஏற்றிய தொடக்க காலத்தில் அத்தகைய ஒரே முறை இல்லை. ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு எண் வரிசை. ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் எழுத்தின் வடிவத்தை உட்காரவைத்து ஒப்பேற்றினார்கள். 'பாமினி' எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் கணிப்பொறிக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே! பாமினி இருக்கும் கணிப்பொறியில் அது 'தமிழ்' என்று சிரிக்கும். இல்லாத கணிப்பொறியில் உள்ளதை உள்ளபடி காட்டும். வேடம் கலைந்த கூத்தாடிபோல!

அன்று செய்தவர்களைப் பழிக்க மாட்டோம். வேறு வழி இல்லாத காலத்தில் தமிழைத் திரையில் காட்டிய திறமைசாலிகள் அவர்கள். யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா, ஆங்கிலத்துக்கென்று செய்த தட்டச்சுப் பொறியில் தமிழை அடக்க என்ன பாடுபட்டாரோ, அதே பாட்டை இவர்களும் பட்டார்கள். ஆனால் தட்டச்சுப் பொறியில் அடித்த தாள், எந்த ஊருக்குப் போனாலும் தமிழாகவே இருந்தது. கணிப்பொறியில் அடித்த கோப்போ, அடுத்த தெருவுக்குப் போனதும் மொழி மாறிப் போயிற்று.

ஆணைக்குப் பஞ்சமில்லை

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க முயற்சி நடக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1991இல் வெளியான ஒருங்குறி, அதாவது யூனிகோடு, உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் கொடுத்தது. அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கும் இடம் இருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணையம் 99 மாநாடு விசைப்பலகைக்குத் 'தமிழ் 99' என்னும் முறையைத் தந்தது. 'டாம்', 'டாப்' என்னும் எழுத்துக் குறியீட்டு முறைகளும் அப்போது வந்தன. விண்டோஸ் 2000இலேயே ஒருங்குறித் தமிழ் இடம்பெற்றது. பின்னர் 2010 ஜூன் 23 அன்று, கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு தொடங்கிய அந்த நாளில், ஒருங்குறியே தமிழ்நாட்டின் தரமுறை, அதற்கு இயலாத இடங்களில் 'டேஸ் 16' என்னும் பதினாறு பிட்டு முறை என்று அரசாணை பிறந்தது. தமிழ் இணையக் கல்விக்கழகம் எழுத்துருக்களையும் விசைப்பலகை மென்பொருளையும் விலையின்றி வழங்கியது.

பதினைந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. ஆணை இருக்கிறது, எழுத்துரு இருக்கிறது, மென்பொருள் இருக்கிறது, ஒவ்வொரு தோழரின் சட்டைப்பையிலும் ஒருங்குறித் தமிழ் காட்டும் கைப்பேசியும் இருக்கிறது. ஆயினும் இன்றும் எத்தனை சுவரொட்டி, எத்தனை துண்டறிக்கை, எத்தனை சங்கத் தீர்மானம் பழைய எழுத்துருவிலேயே பிறந்து, அச்சானதும் அனாதையாகின்றன! காரணம் என்ன?

ஆணை மேலிருந்து வந்தது. பழக்கம் கீழிருந்து வரவில்லை. எது தரமுறை என்று சொன்னவர்கள் உண்டு. அதைக் கையாளுகிற விதத்தைக் கைப்பிடித்துச் சொல்லிக்கொடுத்தவர்கள் குறைவு.

பெரியார் காட்டிய வழி

பழக்கத்தை உண்டாக்குவது எப்படி என்பதற்கு நாம் வேறெங்கும் போக வேண்டியதில்லை. தந்தை பெரியார் எழுத்துச் சீர்திருத்தத்தைச் சொன்னபோது அரசாணைக்காகக் காத்திருந்தாரா? 1935 ஜனவரியில் தம் 'குடி அரசு' ஏட்டிலேயே புதிய வடிவங்களை அச்சேற்றத் தொடங்கினார். பழித்தவர்கள் பழித்தார்கள், நகைத்தவர்கள் நகைத்தார்கள். இயக்கத் தோழன் அதையே படித்தான்; படித்துப் படித்துப் பழகினான். அரசு அதை ஏற்று ஆணையிட்டது 1978 அக்டோபரில், எம்.ஜி.ஆர். ஆட்சியில். இடையில் நாற்பத்து மூன்று ஆண்டுகள்! ஆணை வந்தபோது அந்த எழுத்து புதிதாகத் தோன்றவில்லை. ஊருக்கு ஊர் அதைப் படித்துப் பழகிய கண்கள் முன்பே இருந்தன.

அந்த ஆணை மாற்றிய எழுத்துகள் பதின்மூன்று. நாட்றாம்பாளையம் என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள். அதிலுள்ள 'றா' அந்தப் பதின்மூன்றில் ஒன்று, 'ளை'யும் ஒன்று! சுழித்து வளைத்த 'றா'வும், துதிக்கை போல் கொம்பு தூக்கிய 'ளை'யும் போய், இன்று நம் பிள்ளைகள் எழுதும் எளிய வடிவங்கள் வந்தன. மலையடிவாரத்து ஊரின் பெயர்ப்பலகையில் இரண்டு எழுத்துகள் மாறியிருக்கின்றன என்றால், அதற்குப் பின்னால் ஓர் இயக்கத்தின் அச்சுக்கூடம் இருக்கிறது.

அன்று பழக்கம் முதலில் வந்தது. ஆணை பின்னால் வந்தது. இன்று ஆணை வந்துவிட்டது, பழக்கந்தான் பாக்கி. அவ்வளவு கடினமான வேலையா இது?

நயா பைசா தந்த பாடம்

இன்னொரு பாடமும் நினைவுக்கு வருகிறது. 1957 ஏப்ரல் 1 முதல், ரூபாய்க்குப் பதினாறு அணா என்னும் கணக்குப் போய், நூறு நயா பைசா வந்தது. நாலணா என்றால் இருபத்தைந்து, சிக்கலில்லை. ஓரணா என்றால் ஆறேகால்! அந்தக் கால் பைசா கடைக்காரனுக்கா, கூலிக்காரனுக்கா? கணக்குத் தெரிந்தவன் வாங்கிக்கொள்வான், தெரியாதவன் இழப்பான்.

ஆகவேதான் பழைய காசும் புதிய காசும் சில ஆண்டுகள் சேர்ந்து புழங்க விட்டார்கள். புதிய காசிலேயே 'ரூபாயில் நூறில் ஒரு பங்கு' என்று விளக்கத்தைப் பொறித்தார்கள். நல்ல யோசனை! ஆனால் பொறித்தது இந்தியில். நம்மூர்க் கூலிக்காரனுக்கு அது விளக்கமா, வெறும் கோடா? மக்கள் பழகிய பின், 1964இல் 'நயா' என்னும் அடைமொழியையே நீக்கிவிட்டார்கள். வீசையும் சேரும் போய்க் கிலோ வந்ததும் இப்படித்தான், பகுதி பகுதியாக, பழகப் பழக.

இதிலிருந்து நாம் கற்பவை மூன்று. மாற்றத்துக்கு இடைக்காலம் வேண்டும். விளக்கம் பொருளோடு சேர்ந்தே வரவேண்டும். அந்த விளக்கம் மக்களின் மொழியில் இருக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

வெறும் அறிவுரை சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வது நம் வழக்கமல்ல. கிளை மன்றங்களும் சங்க அலுவலகங்களும் படிப்பகங்களும் இன்றே கைக்கொள்ளத்தக்க நடைமுறைகளைக் கூறுகிறோம்.

முதலாவது: இன்று முதல் எழுதுவதெல்லாம் ஒருங்குறியில். பழையதை மாற்றுவது பிறகு; புதிதாகக் குப்பை சேர்க்காமல் இருப்பது முன்னே. துண்டறிக்கையை அச்சகத்தில் கொடுக்கும்போதும் மூலத்தை ஒருங்குறியில் வைத்துக்கொண்டு கொடுங்கள். சில அச்சகங்களில் பக்கம் கட்டும் பழைய மென்பொருள் ஒருங்குறித் தமிழைச் சிதைக்கும். அங்கே கடைசிக் கட்டத்தில் அவர்கள் தங்கள் எழுத்துருவுக்கு மாற்றிக்கொள்ளட்டும். மூலம் நம்மிடம் இருக்க வேண்டும்.

இரண்டாவது: விரலை வருத்தாதீர்கள். மூத்த தோழர்களின் பெரிய அச்சமே இதுதான்: "முப்பது ஆண்டு பழகிய விசைப்பலகையை விட்டுவிட வேண்டுமோ?" வேண்டியதில்லை! எந்த விசையைத் தட்டுகிறோம் என்பது வேறு. உள்ளே எந்த எண் பதிவாகிறது என்பது வேறு. பழைய தட்டச்சு முறையிலேயே விரலை ஓட்டி ஒருங்குறியில் எழுத மென்பொருள் இருக்கிறது. புதிதாகக் கற்கும் இளைஞர்களுக்குத் தமிழ் 99ஐச் சொல்லிக்கொடுங்கள். உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய்யாகும் நம் இலக்கணத்தின் வழியே அமைந்தது அது. பழகிய பெரியவரைப் பழகியபடி விடுங்கள். இந்த ஒரு செய்தியை விளங்கச் சொன்னால் பாதி எதிர்ப்பு அன்றே அடங்கும்.

மூன்றாவது: பழைய கோப்புகளில் எது முக்கியமோ அதை முதலில் மாற்றுங்கள். ஊதிய ஒப்பந்தம், சங்கத்தின் விதிகள், உறுப்பினர் பட்டியல், வழக்குத் தாள்கள். இவை முதல் வரிசை. பத்தாண்டுக்கு முந்திய பொங்கல் வாழ்த்து கடைசி வரிசை. எழுத்துரு மாற்றி என்னும் மென்பொருள் நொடியில் மாற்றித் தரும். ஆனால் கண்மூடி நம்பாதீர்கள். எழுத்துருவின் பெயரைத் தவறாகக் கொடுத்தால் ஒரு குப்பை போய் இன்னொரு குப்பை வரும். அச்சுக்கூடத்தில் மெய்ப்புப் பார்ப்பதுபோல, ஒருவர் பழைய தாளை வாய்விட்டுப் படிக்க, மற்றவர் புதியதைச் சரிபார்க்க வேண்டும். எண்ணிலும் தேதியிலும் இருமடங்கு கவனம் வேண்டும். பழைய கோப்பையும் அழித்துவிடாதீர்கள். எந்த எழுத்துரு என்று குறித்துப் பக்கத்திலேயே வையுங்கள்.

நான்காவது: கண்ணை ஏமாற்றும் எழுத்துகளிடம் எச்சரிக்கையாக இருங்கள். 'ஔவை' என்பதை 'ஒ', 'ள', 'வை' என்று மூன்றாகத் தட்டுகிறவர்கள் பலர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணிப்பொறிக்கு இரண்டும் வேறு. ஔவையார் என்னும் பெயருடைய தோழியரைப் பட்டியலில் தேடினால், "இல்லை" என்று சொல்லிவிடும். பாளையத்தின் துணைக்காலுக்குப் பதில் 'ர' தட்டினால் 'பரளையம்' ஆகிவிடும். அவசரத்தில் பார்க்கும் கண்ணுக்கு அது பாளையமாகவே தோன்றும். 'ஸ்ரீ' என்னும் வடிவத்துக்கு அடியில் இருவேறு எண் வரிசைகள் உண்டு. ஸ்ரீதர் என்ற பெயரை இருவர் இருவிதமாகப் பதிந்தால் ஒரே ஆள் இரண்டு ஆளாவார். 'கொ' என்பதை ஒரே குறியாகவும் பதியலாம், 'கெ' அடித்துப் பின் கால் போட்டும் பதியலாம். நல்ல மென்பொருள் இரண்டையும் ஒன்றெனக் கொள்ளும், எல்லா மென்பொருளும் அப்படியல்ல. ஆகவே பட்டியல் முடிந்ததும் பத்துப் பெயரைத் தேடிப் பாருங்கள். கிடைத்தால்தான் வேலை முடிந்தது.

ஐந்தாவது: படத்தை அனுப்பாதீர்கள், எழுத்தை அனுப்புங்கள். தீர்மானத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் தள்ளிவிடுவது எளிது. ஆனால் படத்துக்குள் சொல்லைத் தேடுவது எளிதன்று. வெட்டி எடுத்து மனுவில் சேர்க்கவும் ஆகாது. கண்பார்வையற்ற தோழருக்கு வாசித்துக் காட்டும் கருவியும் அதன் முன் திணறும். கையெழுத்தும் முத்திரையும் தெரியப் படமும் வேண்டும்; கூடவே எழுத்தும் வேண்டும்.

ஆறாவது: பெயரை ஒரே விதமாக எழுதுங்கள். ஓசூர் என்பாரும் உண்டு, ஒசூர் என்பாரும் உண்டு. நாட்றாம்பாளையம், நாட்ராம்பாளையம் என்று ஊருக்குள்ளேயே இரண்டு. ஆங்கிலத்தில் எழுதப் புகுந்தாலோ எத்தனையோ! இதோடு திருப்பத்தூர் மாவட்டத்து நாட்றம்பள்ளியைப் போட்டுக் குழப்பிக்கொள்வாரும் உண்டு. மூத்தவர்களின் தாள்களைப் பாருங்கள். பழைய பத்திரத்தில் சேலம் மாவட்டம். 1965க்குப் பின் தருமபுரி மாவட்டம். 2004க்குப் பின் கிருஷ்ணகிரி மாவட்டம். ஊர் நகரவில்லை, மாவட்டம் நகர்ந்தது! ஒவ்வொரு சிற்றூருக்கும் ஊராட்சித் துறை அமைச்சகத்தின் உள்ளாட்சி அடைவில் ஓர் எண் இருக்கிறது. உறுப்பினர் பட்டியலில் ஊர்ப் பெயரோடு அந்த எண்ணையும் ஒரு தடவை குறித்துவிட்டால் குழப்பம் தீரும். ஆள் பெயரை அவருடைய அடையாள அட்டையில் உள்ளபடி, தமிழிலும் ஆங்கிலத்திலும் பதியுங்கள். பெயரைத் தமிழில் எழுதும்போது முன்னெழுத்தும் தமிழிலேயே இருக்கட்டும். அதற்கு 2021இல் அரசாணையே பிறந்திருக்கிறது. குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தைக் கண்டு மயங்கிச் சாதிப் பெயரை எழுதிவிடாதீர்கள். 1929இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாட்டில் உதறிய வாலை, ஒரு விண்ணப்பப் படிவத்துக்காக மீண்டும் ஒட்டிக்கொள்வதா?

ஏழாவது: ஒவ்வொரு கிளையிலும் இதற்கென ஒருவர் வேண்டும். இந்த நடைமுறைகளை ஒரே தாளில், பெரிய எழுத்தில் எழுதிக் கணிப்பொறிக்கு மேலே சுவரில் ஒட்டுங்கள். மாதம் ஒருமுறை மாலையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். தெரியாதவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். ஒருமுறை சிரித்தால் அவர் மறுமுறை வரமாட்டார், பழைய டி.டி.பி. கடைக்கே போய்விடுவார்.

எல்லைப் பகுதிக்கு இது இரட்டைத் தேவை

எல்லா ஊருக்கும் பொருந்துவது இது; எல்லைப் பகுதிக்கோ இன்னும் அதிகமாகப் பொருந்துவது. ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் ஒரே தெருவில் தமிழும் கேட்கும், கன்னடமும் கேட்கும், தெலுங்கும் கேட்கும். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போகும் நாட்றாம்பாளையத்துத் தொழிலாளியிடம் இரண்டு எழுத்திலும் தாள்கள் இருக்கும். பழைய எழுத்துரு முறையில் ஒரே எண் இங்கே தமிழ் எழுத்தைக் காட்டும், அங்கே கன்னட எழுத்தைக் காட்டும். இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்து, எழுத்துரு மாறிப்போனால் இரண்டும் கெடும். கன்னடத் தோழர்களும் பழைய 'நுடி' எழுத்துருக் கோப்புகளோடு நம்மைப்போலவே மல்லாடியவர்கள்தாம்.

ஒருங்குறியிலோ தமிழுக்குத் தனி வீடு, கன்னடத்துக்குத் தனி வீடு, தெலுங்குக்குத் தனி வீடு. ஒருவர் இடத்தில் மற்றவர் அமரத் தேவையில்லை. ஒருவரை ஒருவர் விரட்டவும் தேவையில்லை. ஒரே தாளில் மூன்று மொழித் தொழிலாளரும் தத்தம் எழுத்தில் தம் கோரிக்கையைப் படிக்கலாம். தொழிலாளருக்குப் புரியும் மொழியில் நிலையாணைகளை ஒட்ட வேண்டும் என்று 1946ஆம் ஆண்டுச் சட்டமே விதித்திருந்தது. அன்று அறிவிப்புப் பலகையில் நாம் கேட்டு வாங்கிய உரிமையை, இன்று கைப்பேசித் திரையில் நிலைநாட்ட வேண்டும். அதற்குக் கருவி இதுதான்.

சிலர் கேட்பர்

"247 எழுத்துள்ள தமிழுக்கு ஒருங்குறி ஒதுக்கியது 128 இடந்தானே? இந்த அநீதியை நாம் ஏற்பதா?" என்று கேட்பர் தமிழ்ப் பற்றுடைய தோழர்கள் சிலர். அவர்கள் உள்ளத்தை மதிக்கிறோம். ஒருங்குறி நம் உயிர்மெய்களை முழு எழுத்தாக வைக்கவில்லை. அகரமேறிய மெய்யையும் உயிர்க்குறியையும் தனித்தனியே வைத்து, சேர்த்துக் காட்டுகிறது. அதனால் இடமும் கூடும், நிரலாளருக்கு வேலையும் கூடும். அந்தக் குறையைச் சொல்லித்தான் டேஸ் 16 பிறந்தது.

ஆனால் எண்ணிப் பாருங்கள்! இந்திக்கு அங்கே முதலில் கொடுத்ததும் அதே 128. கன்னடத்துக்கும் அதே 128. உலகமெங்கும் விற்கும் கைப்பேசியில் கேட்காமலே வந்து இருப்பது ஒருங்குறித் தமிழ். பாரிசிலும் கோலாலம்பூரிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள தமிழனுக்கு நம் சொல் தமிழாகவே போய்ச் சேர அதுவே வழி. வழியில் மேடு பள்ளம் இருக்கிறது என்று பயணத்தை நிறுத்துவோமா? நடந்துகொண்டே செப்பனிடுவோம்.

உள்ளே இருந்து குரல் கொடுத்தால் கேட்கும் என்பதற்கும் சான்று உண்டு. 2010இல் கிரந்த எழுத்துகளைத் தமிழுக்குரிய தொகுதியோடு சேர்க்கும் முன்மொழிவு வந்தபோது, தமிழ்நாடு விழித்துக்கொண்டது. திராவிடர் கழகத் தலைவர் கி. வீரமணி உள்ளிட்டோர் எச்சரித்தனர். முதலமைச்சர் கலைஞர் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். முடிவில் கிரந்தம் 2014இல் ஒருங்குறியின் ஏழாம் பதிப்பில் தனித் தொகுதியாக வேறிடம் போயிற்று. 2019இல் வந்த பதிப்பிலோ, நம் பாட்டன் பத்திரங்களில் காணும் மா, காணி, முந்திரி போன்ற பின்னங்களுக்கும் பழைய கணக்குக் குறிகளுக்குமாக 51 இடங்கள் புதிதாகக் கிடைத்தன. எட்டி நின்று ஏசியிருந்தால் கிடைத்திருக்குமா?

"வயிற்றுப் பாட்டுக்கு வழியில்லாதபோது எழுத்துக்கு எண் கொடுப்பது ஒரு பிரச்சினையா?" என்று கேட்பர் வேறு சிலர். நாட்றாம்பாளையத்துத் தோழரைக் கேளுங்கள். அவர் விடை சொல்வார். பதிலியாகக் கிடந்த நாள்களின் கணக்கு, ஓர் எழுத்துருவுக்குள் புதைந்து கிடந்தது. அது எழுத்தின் பிரச்சினையா, வயிற்றின் பிரச்சினையா?

தோழர்களே! ஆவணம் யாரிடம் இருக்கிறதோ, அவன் சொல்வதே கணக்கு. முதலாளியின் அலமாரி ஒழுங்காக இருக்கிறது. தொழிலாளியின் அலமாரி ஒழுங்காக இருக்க வேண்டாமா? அடுத்த கிளைக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடுங்கள். அந்தத் தீர்மானத்தையே ஒருங்குறியில் தட்டெழுதுங்கள். அதுவே தொடக்கமாக இருக்கட்டும். பிறகு சங்கத்தின் பழைய பெட்டியைத் திறந்து, கரையானுக்கு முன்னால் நாம் அந்தத் தாள்களைப் படித்துவிடுவோம்.

அந்தத் தோழரின் கோரிக்கை இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது. முடிவு எப்படி இருப்பினும், பேசப்போகிறவர்களின் கையில் இப்போது தாள் இருக்கிறது; அதைத் தமிழில் படிக்கவும் முடிகிறது. மற்ற தோழர்களுக்கும் அந்த நிலை வேண்டும். பெட்டி கிடைக்குமா கிடைக்காதா என்று இனி எந்தத் தொழிலாளியும் தவிக்கக் கூடாது!